பூங்கா திறந்துவிட்டது, போகலாமா?



கோவிட்-19 பெருந்தொற்று நம் நாட்டைப் பிடித்தாட்டிய காலத்தில், நம் தோட்டத்துப் பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "பூங்காவத் தொறந்துட்டாங்களாம்ப்பா, எப்ப போறோம்?" கேட்பது எளிது. பதில் சொல்வதுதான் கடினம். "போவோம்" என்றால் வீட்டிலிருக்கும் பாட்டியின் முகம் நினைவுக்கு வரும். "வேண்டாம்" என்றால் இரண்டு ஆண்டுகளாக லயத்து வாசலைத் தாண்டாத பிள்ளையின் முகம் வாடும்.

அந்த நோயின் அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் நாள் அறிவித்தது. ஆனால் நோய் உலகை விட்டுப் போய்விடவில்லை. நாளை வேறொரு காய்ச்சலும் வரலாம். ஆகவே, மூடிய கேளிக்கைப் பூங்கா மீண்டும் திறக்கும்போது போவதா, இருப்பதா என்று எடைபோட அன்று நாம் கற்றுக்கொண்டதை மறந்துவிடுவதற்குள் எழுதி வைக்க விரும்புகிறேன். 2022 ஜூன் பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களோடு சன்வே லகூன் பூங்காவுக்குப் போய் வந்த கதையும் இதில் வரும்.

கதவுகள் அடைபட்ட காலம்

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளி, கோயில், சந்தை எல்லாவற்றுக்கும் பூட்டு விழுந்தது. கேளிக்கைப் பூங்காக்களும் அடைபட்டன. தோட்ட வேலை மட்டும் ஓரளவு நடந்தது. செம்பனைக் குலை பழுக்காமல் காத்திருக்குமா? காலைப் பெரட்டில் ஆள்கள் தள்ளித் தள்ளி நின்று பெயர் கொடுத்தார்கள்.

அவ்வாண்டு ஜூலையில் பூங்காக்கள் நிபந்தனைகளோடு மீண்டும் திறந்தன. ஆனால் அக்டோபரில் சிலாங்கூரிலும் தலைநகரிலும் கட்டுப்பாடுகள் திரும்பின. 2021 ஜனவரி 13இல் மறுபடியும் ஆணை. ஜூன் முதல் நாள் முழு முடக்கம். வீட்டில் அரிசி இல்லாதவர்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டியது அந்த நாட்களில்தான். ஆகஸ்டு 26ஆம் நாள் ஒரே நாளில் 24,599 பேருக்கு நோய் கண்டதாகக் கணக்கு வந்தபோது, பூங்காவைப் பற்றிப் பேசவே யாருக்கும் மனம் வரவில்லை.

பிறகு தடுப்பூசி பரவலாகப் போடப்பட்டது. 2021 அக்டோபர் 11 முதல், தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டவர்கள் மாநிலம் விட்டு மாநிலம் போகலாம் என்று வழி திறந்தது. 2022 பிப்ரவரியில் 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி தொடங்கியது. ஏப்ரல் முதல் நாள் நாட்டின் எல்லை திறந்தது. மே முதல் நாளிலிருந்து திறந்த வெளியில் சுவாசக் கவசம் கட்டாயமில்லை. கட்டடத்துக்குள்ளும் பொதுப் போக்குவரத்திலும் மட்டும் கட்டாயம் என்றானது. கைப்பேசியில் மைசெஜாத்திராவைத் தட்டிப் பதிந்துவிட்டு நுழையும் வேலையும் நின்றது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அதுவரை போகலாமா, கூடாதா என்பதைச் சட்டம் நமக்காக முடிவு செய்தது. அதன்பின் சட்டம் ஒதுங்கிக்கொண்டது. முடிவு நம் கைக்கு வந்தது. "கவர்மெண்டே தொறந்து விட்டுருச்சு டீச்சர், அப்புறம் என்னா பயம்?" என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். அரசாங்கம் கதவைத்தான் திறக்கும். உங்கள் வீட்டில் சிறுநீரகக் கோளாறுள்ள பாட்டி இருக்கிறாரா, கைக்குழந்தை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அது நமக்குத்தான் தெரியும்.

உலகப் பூங்காக்கள் காட்டிய பாடம்

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் வந்ததன்று. சீனாவின் ஷாங்காய் நகரிலுள்ள டிஸ்னிலாந்து 2020 ஜனவரி 25இல் மூடி, மே 11இல் மீண்டும் திறந்தது. வழக்கமாக நுழையக்கூடிய கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களையே உள்ளே விட்டார்கள். தரையில் கோடு போட்டு, வரிசையில் தள்ளி நிற்கச் செய்தார்கள். ஹாங்காங் டிஸ்னிலாந்தோ ஜூன் 18இல் திறந்து, நோய் மறுபடியும் கூடியதால் ஒரு மாதத்துக்குள் கதவை அடைத்தது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துப் பூங்கா 2020 ஜூலையில் திறக்க, கலிபோர்னியாவிலுள்ள டிஸ்னிலாந்து 2021 ஏப்ரல் 30 வரை திறக்கவே இல்லை. இடையில் அதன் கார் நிறுத்துமிடம் ஆயிரக்கணக்கானோர் தடுப்பூசி போட்டுக்கொள்ளும் இடமாகப் பயன்பட்டது. ஒரே நிறுவனம், ஒரே நோய். ஊருக்கு ஊர் முடிவு வேறு. ஆகவே "அங்கே திறந்துவிட்டார்களே" என்பதை மட்டும் வைத்து நாம் முடிவு செய்ய முடியாது.

ஜப்பானில் நடந்தது சுவையானது. அந்நாட்டுப் பூங்காச் சங்கங்கள், ரோலர் கோஸ்டரில் போகும்போது கத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. கத்தினால் எச்சில் துளி தூரம் பறக்கும் அல்லவா? பூஜி மலை அடிவாரத்திலுள்ள பூஜி-கியூ பூங்காவின் அதிகாரிகள் இருவர், கோட்டும் சூட்டும் சுவாசக் கவசமும் அணிந்து அந்த வண்டியில் ஏறி, முகத்தில் சலனமே இல்லாமல் இறங்கிக் காட்டினார்கள். அலறலை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பது அவர்கள் வேண்டுகோள். வகுப்பில் இதைச் சொன்னபோது, பிள்ளைகள் நாற்காலியில் அமர்ந்து ஆடி ஆடிக் கத்தாமல் இருந்து பார்த்தார்கள். அரை நிமிடம்கூட முடியவில்லை!

இன்னொன்று சற்றுக் கலங்க வைப்பது. 2021 அக்டோபர் 31ஆம் நாள், ஷாங்காய் பூங்காவுக்கு முன்தினம் வந்துபோன ஒருவருக்கு நோய் என்று தெரிந்ததும், உள்ளே இருந்தவர்களை வெளியே விடாமல் கதவை மூடிவிட்டார்கள். 33 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். நம் நாட்டில் அப்படி நடந்ததில்லை. ஆனாலும் தொற்றுக் காலத்தில் பயணம் போகிறவன், திரும்பி வரும் நாள் தன் கையில் முழுதாக இல்லை என்பதை உணர்ந்தே புறப்பட வேண்டும். மருந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு நாள் பயணத்துக்கும் மூன்று நாள் மாத்திரையை எடுத்துக்கொள்வது இதனால்தான் நல்லது.

காற்றா, தண்ணீரா, கைப்பிடியா?

எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாவிட்டால், பயம் தவறான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தொடக்கத்தில் நாம் எல்லோரும் கைப்பிடியையும் காய்கறியையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். பிறகு ஆராய்ந்தவர்கள் சொன்னது வேறு. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் தந்த மதிப்பீட்டின்படி, கிருமி பட்ட பொருளை ஒரு முறை தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. கை கழுவுவது என்றும் நல்ல பழக்கமே. ஆனால் இந்த நோயின் பெரிய வழி கையன்று, மூச்சு.

நோயுள்ளவர் பேசும்போதும் பாடும்போதும் இருமும்போதும் வெளிவரும் நுண்துளிகள் காற்றில் மிதக்கின்றன. ஆயாக் கொட்டகையில் விறகடுப்பு எரிந்ததை வயதானவர்கள் நினைத்துப் பாருங்கள். வாசலில் எரித்தால் புகை கலைந்துவிடும். கதவைச் சாத்தி எரித்தால் கண்ணைக் கரிக்கும். மூச்சிலிருந்து வரும் நுண்துளியும் அந்தப் புகையைப் போலத்தான். திறந்த வெளியில் கலைகிறது, அடைத்த அறையில் சேர்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பூங்காவின் எந்த மூலை நல்லது, எது ஆகாது என்று நாமே சொல்லிவிடலாம்.

தண்ணீரைப் பற்றியும் பலர் அஞ்சினார்கள். குளோரின் சரியான அளவில் கலந்த நீச்சல் குளத்து நீரில் இந்தக் கிருமி தாக்குப்பிடிக்காது. குளத்து நீர் வழியாக இது பரவுவதாகவும் காணப்படவில்லை. நீரில் நிற்கும்போது ஒருவர் மூச்சு மற்றவர் முகத்தில் படும்படி நெருங்கி நிற்பதே கவலைக்குரியது. உடை மாற்றும் அறை, மூடிய அரங்கு, குளிரூட்டிய உணவுக்கூடம், நெருக்கமான வரிசை ஆகிய நான்கிலும் கவனம் வேண்டும்.

இன்னும் இரண்டு செய்திகள். நோய்க்குறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் நோயைப் பரப்பக்கூடும். தடுப்பூசி நோய் கடுமையாகாமல் பெரும்பாலும் காக்கிறது. ஆனால் தொற்றே வராது என்று சொல்ல முடியாது. நம் மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு நோய் மற்ற இனத்தாரைவிட அதிகம். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களைக் கோவிட் கடுமையாகத் தாக்கும். பூங்காவில் குதித்து விளையாடும் பிள்ளைக்கு வருவது ஒரு நாள் காய்ச்சலாக இருக்கலாம். அதே கிருமி வீட்டுக்கு வந்து பாட்டியைத் தொட்டால் கதை வேறு.

கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம்

2022 மே மாத இறுதியில், எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பெற்றோர்களும் இளைஞர்களும் கூடினோம். மண்டபத்துக்குச் சுவர் இல்லாதது அன்று வசதியாகப் போயிற்று. பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 38 பேர். பஸ் வாடகைக்கு ஆளுக்கு 40 வெள்ளி. நுழைவுச் சீட்டு தனி. மே முதல் நாள் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி என்று உயர்ந்திருந்த நேரம். அப்படியிருந்தும், நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு நாள் சன்வே போய்வர மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு விழுந்துவிடும். ஆகவே இது விளையாட்டாக முடிவு செய்யும் காரியமல்ல.

முதல் வாதம் எந்தக் கிழமை போவது என்பதில் எழுந்தது. ஞாயிறு போனால் கூலி போகாது. ஆனால் கூட்டம் நெரியும். நடுவாரம் போனால் கூட்டம் குறையும். ஆனால் குலைக் கணக்கில் கூலி வாங்குபவருக்கு ஒரு நாள் வருமானம் போகும். ஒரு மூத்த குலைவெட்டுத் தொழிலாளி எழுந்து, "ஒரு நாள் கூலி போனா போவுது. நோவு வந்து ஏழு நாள் வீட்டுல கெடந்தா அது எவ்வளவு?" என்று கேட்டார். புதன்கிழமை என்று முடிவாயிற்று.

அடுத்து ஒரு சிறுமியின் பேச்சு வந்தது. அவளுடைய பாட்டி வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போய் வருகிறவர். பிள்ளையை விட்டுவிட்டுப் போகலாம் என்றார் தகப்பனார். பாட்டியே மண்டபத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "எனக்காகப் புள்ளைய அடைச்சு வெக்காதீங்க. நான் பாக்காத பூங்காவ அதுவாச்சும் பாக்கட்டும்" என்றார். அதற்காக அந்த அம்மாவின் உயிரைப் பணயம் வைக்க முடியுமா? அரை மணி நேரம் பேசி ஒரு வழி கண்டோம். சிறுமி வரட்டும். திரும்பி வந்த பிறகு ஐந்து இரவுகள் அடுத்த லயத்திலுள்ள சித்தி வீட்டில் தங்கட்டும். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் சோதித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும். "போ" என்பதற்கும் "போகாதே" என்பதற்கும் நடுவே இப்படி ஒரு வழி பல நேரம் இருக்கிறது. உட்கார்ந்து பேசினால்தான் அது கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது, பணம். புறப்படும் காலையில் எல்லோரும் சோதனைக் கருவியால் சோதித்துக்கொள்வது என்று சொன்னேன். உடனே ஒரு தாய், "நோவுன்னு வந்துட்டா கட்டுன காசு போயிடுமே டீச்சர்? காசு போவுதேன்னு யாராச்சும் மறைச்சுட்டா?" என்று கேட்டார். அன்று கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே இதுதான் சிறந்தது. மனிதர் நோயை மறைப்பது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல; நட்டத்துக்கு அஞ்சித்தான். ஆகவே நட்டத்தை எடுத்துவிட்டோம். முன்கூட்டியே சீட்டு வாங்கினால் விலை குறையும் என்றாலும், வாசலிலேயே வாங்குவது என்று வைத்துக்கொண்டோம். பஸ் காசுக்காக ஆளுக்கு ஐந்து வெள்ளி கூடுதலாகப் போட்டோம். 38 பேருக்கு 190 வெள்ளி சேர்ந்தது. கடைசி நேரத்தில் நான்கு பேர் நின்றுவிட்டாலும் அவர்களுடைய 160 வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க அது போதும்.

விடியற்காலை ஐந்து மணி

புதன்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயில் விளக்கடியில் எல்லோரும் வந்து நின்றோம். பிள்ளைகள் புதுச்சட்டை போட்டிருந்தார்கள். ஒருத்தி மிதவை வளையத்தை அப்போதே ஊதிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். 2021இல் விலை அதிகமாக இருந்த சோதனைக் கருவி, 2022இல் சில வெள்ளிக்கே மருந்துக் கடையில் கிடைத்தது. குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்து சோதித்தார்கள். பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடமும் யாரும் அதிகம் பேசவில்லை.

ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டு கோடு விழுந்தது. சளியில்லை, காய்ச்சலில்லை, முதல் நாள் மாலைகூடப் பந்தடித்தான். இன்னொரு கருவியில் பார்த்தோம். அதிலும் இரண்டு கோடு. பையன் கோட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். அழுகையை அடக்கிக்கொண்டு, "லேசாத்தான இருக்கு டீச்சர், ரெண்டாவது கோடு?" என்று கேட்டான். என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. லேசான கோடும் கோடுதான் என்று அவன் தகப்பனாரே சொல்லி, பையனின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

அந்த நால்வரும் வீடு திரும்பினார்கள். கணக்கு வைத்திருந்த இளைஞர் அங்கேயே, விளக்கடியிலேயே, அவர்கள் பணத்தை எண்ணிக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட தகப்பனார், "பாக்காம ஏத்தியிருந்தா நாமளே நோவ பஸ்ல கூட்டிக்கிட்டுப் போயிருப்போம்" என்றார். யாரும் அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. இதைப் பெருமையோடு எழுதுகிறேன்.

வாசகர்களே, இதைக் கவனியுங்கள். ஒரு மாதமாக நாங்கள் பட்டணத்துக் கூட்டத்தைப் பற்றியே கவலைப்பட்டோம். நோயோ எங்கள் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. பூங்காவுக்குப் போனால் நோய் வருமா என்று கேட்பதோடு, நாம் போவதால் பூங்காவுக்கு நோய் போகுமா என்றும் கேட்க வேண்டும். அங்கே சீட்டுக் கிழிப்பவரும் கக்கூசு கழுவுபவரும் நம்மைப் போன்ற தொழிலாளிகள்தாம். அவர்கள் வீட்டிலும் பாட்டி இருப்பார்.

பையனோடு முதல் நாள் விளையாடிய இரண்டு பிள்ளைகளுக்குச் சோதனையில் ஒன்றுமில்லை. ஆனால் தொற்றின் முதல் நாட்களில் கருவிக்கு அது தெரியாமல் போகலாம். ஆகவே அவர்களைப் பஸ்ஸில் முன் வரிசையில், கதவருகே பெற்றோரோடு தனியே உட்கார வைத்தோம். பூங்காவிலும் அந்தக் குடும்பங்கள் தனியே ஒதுங்கியே இருந்தன. மூன்றாம் நாள் மறுபடி சோதித்தார்கள், அப்போதும் ஒன்றுமில்லை.

பாட்டில்லாத பஸ்

நம் தோட்டத்துச் சுற்றுலா என்றால் பஸ் புறப்பட்ட உடனே பாட்டு தொடங்கும், முறுக்கு டின் திறக்கும். அன்று இரண்டும் இல்லை. பூங்காவைவிடப் பஸ்தான் எனக்குக் கவலை தந்தது. பூங்கா திறந்த வெளி. பஸ்ஸோ கண்ணாடி அடைத்த குளிரூட்டிப் பெட்டி. பீடோர் பக்கத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல், எல்லோரும் ஒரே காற்றை மூச்சுவிட வேண்டும். ஆகவே பஸ் ஓட்டுநரிடம் கேட்டுக் கூரையிலுள்ள காற்றுக் கதவைத் திறந்து வைத்தோம். கவசத்தைக் கழற்றுவதில்லை, சாப்பிடுவதில்லை, பாடுவதில்லை. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் இறங்கி, புல்தரையில் குடும்பம் குடும்பமாக அமர்ந்து, கட்டிவந்த நாசி லெமாக்கைப் பிரித்துப் பசியாறினோம். பாட்டையும் அங்கேயே பாடித் தீர்த்தார்கள். பக்கத்து லாரிக்காரர் கைதட்டினார்.

ஈயக் குழியில் ஒரு கடல்

சன்வே லகூன் இருக்கும் இடத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அது ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய நிலம். டான்ஸ்ரீ ஜெஃப்ரி சியா 1974இல் சிறிய ஈயச் சுரங்க நிறுவனமாகத் தொடங்கியது பின்னாளில் சன்வே குழுமமாக வளர்ந்தது. தோண்டித் தோண்டிப் பள்ளமாகக் கிடந்த நிலத்தைத் திருத்தி, 1993இல் பூங்காவாகத் திறந்தார்கள். ஈயக் குட்டைகளைப் பார்த்தே வளர்ந்த பேராக்காரர்களுக்கு இந்த மாற்றம் வியப்பூட்டும். மேலே நின்று பார்த்தால் பூங்கா முழுவதும் ஒரு பெரிய கிண்ணத்தின் அடியில் இருப்பது போலத் தெரிகிறது. அருகில், எகிப்திய பாணியில் பெரிய சிங்கத் தலையோடு சன்வே பிரமிட் கடைத்தொகுதி. பள்ளத்தின் குறுக்கே 400 மீட்டருக்கும் நீளமான தொங்கு பாலம். அதில் நடக்கும்போது பாலம் மெல்ல ஆட, கீழே மணற்கரையும் அலையும் தெரிகின்றன.

அலை, ஆம்! செயற்கையாக அலை எழுப்பும் குளம் அங்கே இருக்கிறது. எங்களோடு வந்த பிள்ளைகளில் சிலர் கடலையே பார்க்காதவர்கள். முதல் அலை முழங்காலைத் தட்டியபோது, ஒருவன் கத்திக்கொண்டே கரைக்கு ஓடிவந்து மறுபடியும் ஓடினான். ஜப்பான் பூங்காவின் வேண்டுகோளை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். திறந்த வானம், நல்ல காற்று. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருடமாகக் கைப்பேசித் திரையில் பாடம் படித்து, அதுவும் அலை கிடைக்காமல் மேட்டில் ஏறி நின்று படித்த பிள்ளைகள் அவர்கள். 2020இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் நடக்கவில்லை, மறு ஆண்டு அது அடியோடு நிறுத்தப்பட்டது. ஓடவும் கத்தவும் ஒரு நாள் கிடைப்பது பிள்ளையின் மனநலத்துக்கு மருந்து. எடைபோடும்போது இதையும் தட்டில் வைக்க வேண்டும். நோயின் ஆபத்தை மட்டும் வைத்து, பிள்ளை அடைந்து கிடப்பதன் ஆபத்தை வைக்காவிட்டால் தராசு ஒரு பக்கமே சாயும்.

அங்கே நாங்கள் நடந்துகொண்ட முறையைச் சொல்கிறேன். திறந்ததும் நுழைந்து, கூட்டம் சேரும் சறுக்குகளுக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விட்டோம். வெயில் ஏறி வரிசை நீண்டபோது அலைக்குளத்துக்கும் பாலத்துக்கும் வந்துவிட்டோம். கூரையும் சுவரும் உள்ள அரங்குகளுக்குப் போகவில்லை. பகல் உணவை எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் சாப்பிடாமல், பதினொன்றரைக்கே திறந்த மேசைகளில் முடித்துக்கொண்டோம். உடை மாற்றும் அறைக்குக் கூட்டமாகப் போகாமல் நான்கு நான்கு பேராகப் போனோம். நனைந்த கவசம் உதவாது என்பதால் உலர்ந்த கவசங்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தோம். மூன்று மணிக்கே வெளியே வந்துவிட்டோம். பிள்ளைகளுக்கு மனமில்லை. ஆனால் மாலைக் கூட்டத்தோடு வாசலில் நெருக்கியடித்து நிற்பது தேவையில்லை.

இப்படிச் செய்ததால்தான் ஒன்றும் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனமாக இருந்தவர்களுக்கும் நோய் வந்ததுண்டு. ஆபத்தை அடியோடு நீக்க முடியாது, குறைக்கத்தான் முடியும். ஐந்தாம் நாள் சிறுமி சோதித்துப் பார்த்து, பாட்டி வீட்டுக்குத் திரும்பினாள். அந்த ஐந்து மாலைகளும் கால்வாய்க்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் பாட்டியும் நின்று பேசியதைத் தோட்டமே பார்த்தது. முதல் மாலை அலைக்குளத்தைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசினாள். வீட்டில் தங்கிய பையன் விதிப்படி தனித்திருந்து நலமடைந்தான். அவ்வாண்டு இறுதியில் அந்தக் குடும்பம் ஈப்போ தம்புன் பூங்காவுக்குப் போய் வந்தது. சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே வெந்நீர் ஊற்றில் கால் நனைத்ததை வகுப்பில் அவன் சொன்னபோது, மற்றவர்கள் வாய் திறந்து கேட்டார்கள்.

வீட்டில் வைத்து எடைபோட ஐந்து கேள்விகள்

இனி எந்தத் தொற்றுக் காலத்தில் எந்தப் பூங்கா திறந்தாலும், பெட்டி கட்டுவதற்கு முன் இந்த ஐந்து கேள்விகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கேளுங்கள்.

ஒன்று: திரும்பி வரும்போது வீட்டில் நமக்காகக் காத்திருப்பவர் யார்? முதியவர், நோயாளி, கர்ப்பிணி, கைக்குழந்தை இருந்தால், அவர்களிடமிருந்து சில நாள் தள்ளித் தங்க இடம் உண்டா? இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

இரண்டு: வட்டாரத்தில் நோய் ஏறுகிறதா, இறங்குகிறதா? ஏறுமுகத்தில் போவதைவிட ஒரு மாதம் பொறுப்பது மேல். பூங்கா ஓடிவிடாது.

மூன்று: போகும் இடத்தில் காற்று எப்படி? திறந்த நீர்ப்பூங்காவும் கூரைக்குள் இருக்கும் விளையாட்டுக் கூடமும் ஒன்றல்ல. 2022 பிப்ரவரியில் கெந்திங் மலையில் திறந்த ஸ்கைவோர்ல்ட்ஸ் பெரும்பாலும் திறந்த வெளிதான்; ஆனால் அங்கே ஏற்றிச் செல்லும் கம்பிவட வண்டி அடைத்த பெட்டி. அதில் குடும்பமாக மட்டும் ஏறப் பாருங்கள்.

நான்கு: எதில் போகிறோம்? பயணத்தின் ஆபத்தில் பெரும்பங்கு வழியில் இருக்கலாம். சன்னலைத் திறக்கக்கூடிய வண்டி, குறைவான ஆள், கவசம், வெளியில் சாப்பாடு.

ஐந்து: யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நட்டமில்லாமல் நின்றுகொள்ள வழி உண்டா? இதை முதலிலேயே பேசி முடியுங்கள். காசு பாதுகாப்பாக இருந்தால் உண்மையும் வெளியே வரும்.

இந்த ஐந்துக்கும் மனநிறைவான பதில் கிடைக்காவிட்டால், பிள்ளைகளைத் தெலுக் பாத்தேக் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். நுழைவுச் சீட்டுமில்லை, வரிசையுமில்லை. கடலிலும் அருவியிலும் பெரியவர் கண்பார்வையில் பிள்ளை இருக்க வேண்டும். மழைக்குப் பிறகு அருவியில் இறங்காதீர்கள். திடீர் வெள்ளமும் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் அங்கே உண்டு.

பெற்றோர்களே, பயந்து பயந்து பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பது எச்சரிக்கையாகாது. கதவு திறந்த அன்றே கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதும் துணிச்சலாகாது. ஆற்றைக் கடப்பவன் கோலை ஊன்றி ஆழம் பார்த்துக் கடப்பான் அல்லவா? நாமும் அப்படியே ஆழம் பார்ப்போம். பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டுங்கள். போகும்போது எத்தனை பேரோ, வரும்போதும் அத்தனை பேரும் நலமாக வீடு வந்து சேருங்கள்.